மெட்டி டப்பா என் கையில்தான் இருந்தது

வணக்கம் மேடம்,

எனக்கு 16 வயது. குடியாத்தத்தில் 11ஆம் வகுப்பு படிக்கிறேன். என் பெயரைப் போடாதீர்கள். ஊர் பெயரைப் போடலாம். இந்த வைகாசியில் எங்கள் ஊரில் நடந்த கல்யாணம் ஒன்றா இரண்டா, யாருக்கும் தெரியாது. மெட்டி விஷயத்தைப் படித்தால் எங்கள் அத்தை மட்டும் கண்டுபிடித்துவிடுவார். பரவாயில்லை.

வீட்டில் நானும் அக்காவும்தான். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். அப்பா கைலி நெய்கிறார். அம்மாவும் தறி வேலையில் இருப்பதால் எனக்குத் தலை பின்னியது, வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அக்காதான். ராத்திரி ஃபேனுக்கு நேர் கீழே ஒரே பாயில் படுப்போம். தை மாதம் நிச்சயம் ஆனபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பத்தாவது பரீட்சை இருந்தது. வைகாசி ஒன்றாம் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வழக்கம்போல இரண்டு பேரும் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போய் வந்தோம். இனிமேல் இப்படிப் போக மாட்டோம் என்று வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தோன்றியது. அப்போது ஆரம்பித்தது மேடம்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பந்தக்கால் நட்டு நலங்கு வைத்தார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தேன். எல்லோரும் அக்கா முகத்தில் மஞ்சள் பூசினார்கள், அவள் அதை எடுத்து என் மூக்கில் இழுகிவிட்டாள்.

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனதிலிருந்து எதுவும் சரியில்லை. ஆறு மணிக்கு ரிசப்ஷன், பார்லர் அக்கா வந்ததே ஆறரைக்கு. ஆரணியிலிருந்து வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டு வேன் வரவில்லை. வந்தபோது கூடவே மழையும் வந்தது. கரண்ட் போனது, ஜெனரேட்டரில் டீசல் இல்லை. செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பந்தி பரிமாறினார்கள். பாயசத்தை ரசம் என்று நினைத்து ஒரு தாத்தா சாதத்தில் ஊற்றிக்கொண்டார். இதற்கு நடுவில் மாமா கோவித்துக்கொண்டார். பத்திரிகையில் தாய்மாமன் பெயரைப் பெரியப்பா பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்களாம். பத்திரிகை அடித்து ஒரு மாதம் ஆகிறது, அப்போதெல்லாம் வாயைத் திறக்கவில்லை. “எனக்கு இங்க இன்னா மரியாத கீது?” என்று வாசலில் பைக் மேல் போய்க் குந்திக்கொண்டார். அப்பா போனார், பெரியப்பா போனார். கடைசியில் ஆயாவே மழையில் நனைந்துகொண்டு போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தது. உள்ளே வந்ததும் மாலை போட்டு, வேட்டி துண்டு வைத்து, தனி இலை போட்டு உட்கார வைத்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி பேசிக்கொண்டே இருக்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். “கடைசி ராத்திரிடி, தூங்கவே கூடாது” என்றாள். போட்டோ எடுத்து முடிக்கப் பன்னிரண்டு மணி ஆனது. ரூமில் முப்பது பேர் படுத்திருந்தார்கள். அவள் நகையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். நான் அவள் கால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குப் பார்லர் அக்கா வந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு. அத்தை என்னிடம் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து, “இதுல மெட்டி டப்பா கீது. ஐயர் கேக்கும்போது குடு. வேற யார் கேட்டாலும் குடுக்காத” என்றார். நான் மேடைக்குப் பக்கத்தில் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். கெட்டிமேளம் கொட்டினார்கள். எல்லோரும் அட்சதை போட்டார்கள். எனக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. நெஞ்சு தடதடவென்று அடித்தது, மூச்சு உள்ளே போகவில்லை, விரலெல்லாம் மரத்துப்போனது, வாயைச் சுற்றி எறும்பு ஊறுவது போல இருந்தது. செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன். மாடிக்கு ஓடி பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பை என் கையில் இருந்தது என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை மேடம்.

கீழே அக்கா ஒரு காலை அம்மி மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள், மெட்டியைக் காணோம். இருபது நிமிஷம் மண்டபம் முழுக்கத் தேடினார்களாம். கடைசியில் கதவைத் தட்டியது மாமாதான். “கண்ணு, நான்தான் மாமா. இன்னா ஆச்சி?” நான் பதில் சொல்லவில்லை. அவர் வெளியே தரையில் உட்கார்ந்தது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “நேத்து நானுந்தான் கோவிச்சிகினு வெளிய குந்திகினு இருந்தேன். இன்னா கொறஞ்சி போச்சி? பொறுமையா வா. ஐயர் எங்கயும் ஓடிட மாட்டாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தேன்.

கீழே இறங்கியதும் அத்தை எல்லோர் எதிரிலும் கன்னத்தில் ஒன்று வைத்தார். “தாலி ஏற நேரத்துல அழுதுகினு ஓடறாளே, இது வெளங்குமா?” என்றார். வீடியோவில் அதுவும் பதிவாகியிருக்கும். மத்தியானம் அக்கா காரில் ஏறும்போது நான் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்றேன். அவள் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்னைத்தான் தேடினாள் என்று தெரியும். போகவில்லை.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். போன முதல் வாரமே அவளுக்கு நல்ல காய்ச்சல். அத்தை சொன்னது பலித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணுகிறாள். நான் படிப்பதாகச் சொல்லச் சொல்லிவிடுகிறேன். அந்த நெஞ்சுத் தடதடப்பு அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தது, ஒரு தடவை பஸ்ஸில், ஒரு தடவை கெமிஸ்ட்ரி வகுப்பில். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். ராத்திரி தூக்கம் வருவதில்லை, வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. கல்யாணச் செலவுக்காக இரண்டு தறியில் ஒன்றைக் கொடுத்துவிட்டோம். தறிக்கு அக்கா சுற்றிக்கொண்டிருந்த நூல் தாரை இப்போது நான் சுற்றுகிறேன். வருகிறவர்கள் எல்லாம் “அடுத்து சின்னவதான்” என்கிறார்கள். ஆயா, “பன்னெண்டாவது முடிக்கட்டும், மாமன் பையன் கீறான்ல” என்கிறது. அது சிரித்துக்கொண்டே சொல்கிறது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு இருதயத்தில் ஏதாவது கோளாறா, இல்லை புத்தி கெட்டுவிட்டதா? அக்காவிடம் எப்படிப் பேசுவது? மெட்டி இருந்த காலி டப்பா இன்னும் என் ஸ்கூல் பேக்கில்தான் இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

குடியாத்தம் வாசகி

*

கண்ணு,

உன் மாமா கூப்பிட்ட மாதிரியே நானும் கூப்பிடுகிறேன். என் மகளைவிட நீ சின்னவள்.

முதலில் காய்ச்சல். மூன்று நாள் தூக்கமில்லை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, சனிக்கிழமை மழை, ஊர் மாறித் தண்ணீரும் மாறியது. கல்யாணமான முதல் வாரத்தில் புதுப்பெண் படுத்துக்கொள்வதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அந்த வீடுகளில் யாரும் பாத்ரூமுக்கு ஓடவில்லை. மெட்டி இருபது நிமிஷம் பிந்தியதற்கும் பெங்களூரில் தெர்மாமீட்டர் ஏறியதற்கும் எந்த முடிச்சும் கிடையாது. அத்தை கோபத்தில் சொன்ன சொல்லை நீ சாபமாக எடுத்துக்கொண்டாய். அந்த வயதில் நானும் எடுத்துக்கொண்டிருப்பேன்.

அடுத்து நெஞ்சு. நீ எழுதியிருப்பதைப் படிக்கும்போது பதற்றத் தாக்கு (பேனிக் அட்டாக்) என்று சொல்வதைப் போலத்தான் இருக்கிறது. பாம்பைக் கண்டால் ஓடுவதற்காக உடம்பு அட்ரினலினைக் கொட்டும். பாம்பே இல்லாத இடத்தில் அது கொட்டினால் இப்படி ஆகும். இருதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் போகும். அப்படி மூச்சு விடும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரத்ததும் வாயைச் சுற்றி எறும்பு ஊறியதும் அதனால்தான். நீ கெமிஸ்ட்ரி படிக்கிறவள், உனக்குப் புரியும். சாகப் போகிறோம் என்று தோன்றும், ஆனால் அது பொதுவாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாகவே இறங்கும். உன் வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். அன்றைக்கு நீ ஒரு கண்கூட மூடவில்லை. வெறும் வயிறு, ஹோமப் புகை, காதுக்குப் பக்கத்தில் தவில். பெரியவர்களே மயங்கி விழுவார்கள்.

ஆனாலும் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடு. உனக்கு இருதய நோய் இருக்கும் என்று சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. இரத்தசோகை இருந்தாலும், தைராய்டு கூடியிருந்தாலும் படபடப்பு வரும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிடலாம்.

மறுபடி வந்தால் என்ன செய்வது? அப்பாவின் தறி ஓடும் தாளம் உன் காதில் பிறந்ததிலிருந்து இருக்கிறது. அதை மனதுக்குள் ஓட்டு. மூன்று அடிக்கு மூச்சை இழு, ஆறு அடிக்கு மெதுவாக விடு. விடுவதுதான் முக்கியம், இழுப்பதில்லை. இரண்டு பாதமும் தரையில் அழுந்தியிருக்கட்டும். முடிந்தால் இருந்த இடத்திலேயே இரு. ஓடி ஒளிந்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும், ஆனால் அடுத்த தடவை பஸ்ஸைப் பார்த்தாலே பயம் வரும். கெமிஸ்ட்ரி டீச்சரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வை.

இதெல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டது. நான் உன் கடிதத்தை மூன்று தடவை படித்ததற்குக் காரணம் உன் மாமா.

ஒரு பெரிய மனிதர், பத்திரிகையில் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது என்று ரிசப்ஷன் நடக்கும்போது வெளியே போய்க் குந்திக்கொள்கிறார். அவரை யாரும் அடிக்கவில்லை. இது வெளங்குமா என்று கேட்கவில்லை. கோபப்பட்ட தாய்மாமனை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யார் போய்க் கூப்பிட வேண்டும், யார் கையைப் பிடிக்க வேண்டும், எந்த மாலை, எந்த வேட்டி என்பதுவரை முறை இருக்கிறது. அதே மண்டபத்தில் ஒரு தங்கை அழுதுகொண்டு ஓடினாள். அவளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, முறையே இல்லை. அதனால் கை நீண்டுவிட்டது.

கல்யாணம், சாவு, வயதுக்கு வருவது மாதிரியான சடங்குகளைப் பற்றி ஆர்னால்டு வான் கென்னப் என்ற பிரெஞ்சு அறிஞர் 1909இல் ஒரு புத்தகம் எழுதினார். பழைய இடத்திலிருந்து பிரிவது, நடுவில் வாசற்படியில் நிற்பது, புது இடத்தில் சேர்வது என்று மூன்று கட்டமாக அதைப் பிரித்துப் பார்த்தார். நம் வீட்டுக் கிழவிகள் புத்தகம் எழுதவில்லையே தவிர, இதைச் செய்தே வைத்திருக்கிறார்கள். உன் அக்காவை யோசித்துப் பார். அவளை ஒரேயடியாகப் பிடுங்கி நடுவதில்லை. மறுவீடு அழைக்கிறோம். தாலி பிரித்துக் கோர்க்கிறோம். ஆடிக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிவருகிறோம். அப்புறம் தலைதீபாவளி, பொங்கல் சீர். போய்ப் போய்த் திரும்பி வந்து, ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தப் பெண் பிரிகிறாள். தம்பி இருந்தாலாவது, சில வீடுகளில் அவன் பொரியை அள்ளி அக்கா கையில் போடுவான். அது ஒரு வகையில் விடைகொடுப்பது. தங்கைக்கு என்ன வைத்திருக்கிறோம்? விளக்கைப் பிடி, பையைப் பிடி. உன் கையில் பையைக் கொடுத்தார்கள், நீ அந்தப் பையோடு போய் அழுதாய். எனக்கு இதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

உன்னைத் தூக்கி வளர்த்தவள் போகிறாள். ஊருக்கு அவள் உன் அக்கா, உனக்குப் பாதி அம்மா. அம்மாவைப் பிரிந்த பிள்ளை அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அக்காவுக்காக அழுதால் “பெங்களூருக்குத்தானே போயிருக்கா, காட்பாடியில ஏறினா நாலு மணி நேரம்” என்பார்கள். ஆள் உயிரோடு, நல்லபடியாக, போனுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது துக்கப்பட உரிமை இல்லாத மாதிரி ஓர் எண்ணம் நமக்கு. ரயில் டிக்கெட்டால் ஆறுவதில்லை அது. நீ ராத்திரி பாயில் கை நீட்டினால் அந்த இடம் காலியாக இருக்கிறது. துக்கம் அந்த இடத்தில் இருக்கிறது.

இன்னொன்று. அக்காவைப் பற்றி நீ நிறைய எழுதியிருக்கிறாய். தறியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு ஓடிவிட்டாய், டேங்குக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி. பிறந்ததிலிருந்து இரண்டு தறிச் சத்தத்தில் தூங்கிய பெண், ஒரே மாதத்தில் அதில் ஒரு தறியின் சத்தமும் இல்லை, பக்கத்தில் மூச்சுவிடும் ஆளும் இல்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்கிறாய். இருக்காதா பின்னே? அக்கா செய்த தார் சுற்றும் வேலையும் உன் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு ஒரு சந்தேகம். இனி இந்த வீட்டில் எது எது போகும் என்று நீ கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறாய். அடுத்த தறியா, படிப்பா, இல்லை நீயேவா? ஆயாவின் “மாமன் பையன்” பேச்சு வேறு அதில் வந்து விழுகிறது.

அதனால் அந்தப் பேச்சை முதலில் தீர்த்துவிடுவோம். பெண்ணுக்குச் சட்டப்படி திருமண வயது 18. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006ஆம் வருஷத்தியது, யார் பெண், யார் மாமன் மகன் என்று அது பார்க்காது. ஆயாவின் பேச்சு இந்தப் பக்கத்துக் கிழவிகள் எல்லோரும் பேசுவதுதான், பெரும்பாலும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரத்துப் பேச்சு. ஆனாலும் உனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல். “எனக்குப் பயமா கீதும்மா, ஆயாவ அப்டி பேச வேணாம்னு சொல்லு” என்றால் போதும். பேச்சு எப்போதாவது காரியமாக மாறுகிற மாதிரித் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. சிறுவர்களே நேரடியாக அழைக்கலாம், காசு கிடையாது.

தறியைப் பற்றி அப்பாவிடம் கேள். கடன் எவ்வளவு என்று கணக்குக் கேட்கச் சொல்லவில்லை, அது உன் வேலை இல்லை. “அந்தத் தறி யார் வீட்டுல ஓடுதுப்பா?” என்று மட்டும் கேட்டுப் பார். விற்ற அன்றைக்கு அவரும் தூங்கியிருக்க மாட்டார். அப்பா மகளிடம் இதைத் தானாகப் பேச மாட்டார், நீ கேட்டால் பேசலாம். தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீரும்போது என்ன செய்வார்கள் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். பழைய பாவின் நுனியை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக அதோடு பிணைப்பார்கள். பொறுமையைச் சோதிக்கிற வேலை. அவசரப்பட்டு ஓர் இழையை விட்டுவிட்டால் துணி முழுக்க அந்தக் கோடு ஓடும். கல்யாணத்தின் முந்தின ராத்திரி நீயும் அக்காவும் பிணைக்க உட்கார்ந்தீர்கள், போட்டோக்காரர் விடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நுனி இன்னும் அறுந்துவிடவில்லை.

எப்படிச் சொல்கிறேன் என்றால், தினமும் ஒன்பது மணிக்குப் போன் வருகிறது. கோபக்காரி தினமும் போன் பண்ண மாட்டாள். அவள் பக்கத்தைக் கொஞ்சம் யோசி. 24 வயது, புது ஊர், கன்னடம் தெரியாது, மாமியார் வீட்டுக்காரர்களிடம் இன்னும் வாய் திறந்து சிரிக்கக்கூடக் கூச்சம். வேலையெல்லாம் முடிந்து அவளுக்கு என்று ஒரு பத்து நிமிஷம் கிடைக்கிறது, அதில் உன்னைக் கூப்பிடுகிறாள். “படிக்கிறா” என்று பதில் வருகிறது. தங்கச்சிக்கு என் மேல் கோபம் போலிருக்கிறது என்று அங்கே ஒருத்தி நினைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு மன்னிப்புக்குக் காத்திருக்கிறீர்கள்.

இன்றைக்கு ஒன்பது மணிக்கு எடு. பேச வரவில்லையென்றால் வாய்ஸ் மெசேஜ் போடு. முதல் வாக்கியத்தை மட்டும் நான் தருகிறேன்: “அக்கா, நீ கார்ல ஏறும்போது நான் டேங்க் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்.” மன்னிப்பில் ஆரம்பிக்காதே. எங்கே நின்றாய் என்று சொல், மற்றதை அவள் கேட்பாள். பாத்ரூம் கதைக்கு வரும்போது மாமா சொன்னதை மறக்காமல் சொல்லிவிடு, அவள் சிரிக்கட்டும்.

ஆடி பிறக்க இன்னும் அதிக நாள் இல்லை. அக்கா வருவாள். வீடு நிறைய ஆள் இருக்கும், எல்லோரும் அவளிடம் புடவை எங்கே எடுத்தாய், மாமியார் எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் இப்போதே அம்மாவிடம் சொல்லி ஒரு ராத்திரியை உனக்காக வாங்கி வை. மாமாவுக்கு வேட்டி வைக்க முடிந்த வீட்டில் தங்கைக்கு ஒரு ராத்திரி ஒதுக்க முடியாதா? அன்றைக்கு ஃபேனுக்குக் கீழே அதே பாய். தூங்கவே கூடாது.

அம்மாவுக்கு இரண்டு வார்த்தை, இதை அவரிடம் காட்டு. அம்மா, நீங்கள் கட்டிய கயிறு இருக்கட்டும், நான் அதோடு சண்டைக்கு வரவில்லை. பெற்றவள் பயந்து கட்டியது. கூடவே ஒரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள். உங்களுக்கும் ஒரு மகள் போயிருக்கிறாள், தறியும் போயிருக்கிறது, நீங்கள் எங்கே அழுதீர்கள் என்று யாராவது கேட்டார்களா தெரியவில்லை. சின்னவளும் நீங்களும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து அழுதால் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. அத்தை கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நாள் அவரும் நின்ற காலோடு ஓடியிருப்பார். ஆனால் அந்த அறை தப்பு. அதை நீங்கள் அவரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும், குழந்தைக்கு அது தெரியவும் வேண்டும்.

இந்தப் படபடப்பு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பள்ளிக்கூடம் போகவே பயமானாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ தள்ளிப்போட வேண்டாம். இருந்து என்ன பிரயோசனம் என்கிற எண்ணம் ஒரே ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் கிடைக்கும், இலவசம், தமிழில் பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் வேலூர் உங்களுக்கு எட்டும் தூரம்தான். அங்கே பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957லிருந்து இருக்கிறது. சிகிச்சைக்கு வருகிறவரோடு குடும்பத்தாரும் கூடத் தங்கும் பழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. அதனால் போனால் அம்மாவும் மகளும் சேர்ந்தே போங்கள். அங்கே போகிறவர்களுக்கெல்லாம் புத்தி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. உனக்கும் கெடவில்லை கண்ணு, இந்தக் கடிதத்தை எழுதியவளுக்குப் புத்தி நன்றாகவே வேலை செய்கிறது.

அந்தக் காலி டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே. பேக்கில் மட்டும் வேண்டாம், புத்தகத்துக்கு அடியில் நசுங்கிவிடும். பீரோவில் வை. ஆடிக்கு அக்கா வந்தால் அவள் கையில் கொடுத்துப் பார், என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுது. உன் மாமாவையும் நான் கேட்டதாகச் சொல்.